ஹியூமிடார் இல்லாமல் வீட்டில் சுருட்டுகளைச் சேமித்து வைப்பது எப்படி?

கையால் சுற்றிய சுருட்டில் உள்ளதெல்லாம் இலைதான். நடுவில் ஃபில்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் பைண்டர், வெளியே மெல்லிய ரேப்பர். மூன்றுமே சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். வறண்ட காற்றில் சில நாள் திறந்து கிடந்தால் ரேப்பர் மொறமொறவென்று ஆகி, தொட்டாலே விரியும். புகை சூடாகவும் காரமாகவும் வரும். ஈரம் மிகுந்தால் இலை வீங்கி இழுக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி அணையும், கசக்கும், கடைசியில் பூஞ்சை பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஈரப்பதம் 62 முதல் 69 சதவீதம் வரை, வெப்பநிலை 16 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சுருட்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நன்றாக இருக்கும். அதற்கு ஹியூமிடார் எனப்படும், ஈரப்பதம் காக்கும் விலை உயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், பெட்டிக்குள் தொடர்ந்து ஈரத்தை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் 5 லிட்டர் டப்பாவில், 65 சதவீத ஈரப்பதத்தில், காற்றிலுள்ள நீர் ஏறக்குறைய 0.06 கிராம். ஒரு சொட்டைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் நடுத்தர அளவுள்ள ஒரே ஒரு சுருட்டின் இலைக்குள் ஒரு கிராமுக்கும் மேல் நீர் இருக்கும். ஆக, டப்பாவின் ஈரப்பதத்தைத் தாங்கிப் பிடிப்பவை சுருட்டுகளே. நல்ல நிலையில் வாங்கிய சுருட்டுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடினால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. கசியும் பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் ஊட்டினாலும் நிலைக்காது. மலிவான மேசை ஹியூமிடார்கள் பலரை ஏமாற்றுவது இதனால்தான்: பார்க்க அழகு, ஆனால் மூடி சரியாகப் பொருந்தாது. நல்ல ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா அவற்றைவிட எவ்வளவோ மேல்.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

மூடியைச் சுற்றி சிலிகான் விளிம்பும், நான்கு பக்கமும் அழுத்திப் பூட்டும் கொக்கிகளும் உள்ள உணவு டப்பா போதும். 25 சுருட்டுகளுக்கு 4 முதல் 6 லிட்டர் வரை கொள்ளளவு பார்த்து வாங்குங்கள். உள்நீளம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சர்ச்சில் அளவுச் சுருட்டே 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நிரப்பிய பிறகும் கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். காற்று சுற்றிவர வழியில்லாமல் அடைத்துவைத்தால் ஒரு மூலை ஈரமாகவும் மறுமூலை வறண்டும் நிற்கும்.

கசிவைச் சோதிப்பது எளிது. காலி டப்பாவை மூடி, வாளித் தண்ணீரில் அழுத்திப் பிடியுங்கள். குமிழி வந்தால் வேறு டப்பா பாருங்கள்.

வாசனை இதைவிடப் பெரிய சிக்கல். புகையிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அது போகவே போகாது. ஆகவே மசாலாவோ ஊறுகாயோ இருந்த பழைய டப்பாவை இதற்கு எடுக்காதீர்கள். புதிய டப்பாவையும் வாசனை குறைந்த சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். அடுத்த இரண்டு நாள் திறந்தபடி காற்றாட விடுங்கள். பிறகு மறுபடி ஒரு நாள் மூடி, திறந்ததும் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை துளியாவது இருந்தால் இதையே திரும்பச் செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம்.

கிளிப் வைத்த கண்ணாடி ஜாடியும் நன்றாக வேலை செய்யும், அதில் வாடைத் தொல்லையே இல்லை. வெளிச்சம் படாத அலமாரிக்குள் வைத்தால் போதும். நேரடி வெயில் ரேப்பரின் நிறத்தை வெளுக்கச் செய்யும், ஜாடியையும் சூடேற்றும்.

பெட்டி பெட்டியாக வாங்குபவர்களுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. சுருட்டு வந்த மரப்பெட்டியைப் பிரிக்காமல், 60 கிராம் ஈரப்பத பேக் (காற்றின் ஈரத்தைச் சீராக வைக்கும் சிறு பொட்டலம்) ஒன்றை உள்ளே வைத்து, முழுப்பெட்டியையும் தடிமனான ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். ஆரம்ப நிலையில் இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது. நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டால் 30, 40 லிட்டர் ஐஸ் பெட்டிக்கு மாறலாம். அதன் தடித்த சுவர் வெப்ப ஏற்ற இறக்கத்தையும் மெதுவாக்கும். தண்ணீர் வடியும் துளையை மட்டும் அடைத்துவிடுங்கள்.

மரம் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் ஸ்பானிஷ் சீடர் பலகைத் துண்டுகளை அடியில் போட்டால் சுருட்டு பிளாஸ்டிக்கில் நேராகப் படாது, மரமும் கொஞ்சம் ஈரத்தை வாங்கி வைத்திருந்து ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். பல சுருட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் இந்த மரம்தான். அவற்றை எறியாமல் எடுத்துப் பயன்படுத்துங்கள். இது உண்மையில் சீடர் இனமே அல்ல, மகோகனி குடும்பத்து மரம். துணி அலமாரிகளில் பூச்சி விரட்டப் பயன்படும் சிவப்பு சீடரோ பைன் மரமோ அருகில்கூட வரக்கூடாது. அவற்றின் பிசின் மணம் சுருட்டின் சுவையைக் கெடுத்துவிடும்.

காய்ந்த மரத்தை அப்படியே போட்டால் அது முதலில் சுருட்டிலிருந்துதான் ஈரத்தை இழுக்கும். அதனால் மரத்தையும் ஈரப்பத பேக்கையும் மட்டும் டப்பாவில் வைத்து ஒரு வாரம் மூடிவையுங்கள். அளவு நிலைத்த பிறகே சுருட்டு உள்ளே போகட்டும்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன்

சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று அவசியம். முள் வைத்த வட்ட மானிகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கே உதவும். டிஜிட்டலும் வாங்கியவுடன் சரியாகக் காட்டும் என்று நினைக்காதீர்கள். 3 முதல் 5 புள்ளி வரை தவறுவது வழக்கம். 70 என்று காட்டும்போது உண்மை 75 ஆக இருந்தால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். எனவே உப்புச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்:

1. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண சமையல் உப்பை நிரப்புங்கள்.
2. சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுதும் கரைந்து தண்ணீராக நிற்கக் கூடாது. கரையாத உப்பு இருந்தால்தான் சோதனை சரியாக வரும்.
3. மூடியையும் மானியையும் ஒரே ஜிப் பைக்குள், ஒன்றையொன்று தொடாமல் வைத்து இறுக மூடுங்கள். பையில் கொஞ்சம் காற்று இருக்கட்டும்.
4. வெப்பநிலை மாறாத இடத்தில் 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள்.
5. பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே அளவைப் படியுங்கள்.

செறிந்த உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்று அறை வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். இது இயற்பியல், எந்த நிறுவனத்து உப்பானாலும் மாறாது. மானி 71 என்று காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிக்கொள்ள வேண்டும். 78 காட்டினால் 3 கழிக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.

ஈரத்தை எது தருவது?

இருவழி ஈரப்பத பேக்தான் எங்கள் முதல் பரிந்துரை. போவேடா என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கிறது. நீராவியை மட்டும் விடும் உறைக்குள் செறிந்த உப்புக் கரைசல் இருக்கும். உப்புச் சோதனையில் நடக்கும் அதே செயல்தான் இங்கேயும். உப்பின் வகையை மாற்றி வேறு அளவில் நிறுத்துகிறார்கள். காற்று காய்ந்தால் பேக் ஈரத்தை விடும், மிஞ்சினால் திரும்ப வாங்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது.

25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பேக் ஒன்று என்பது கணக்கு. இப்போது எத்தனை சுருட்டு இருக்கிறது என்பதை வைத்து அல்ல, டப்பா எத்தனை கொள்ளும் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். கூடுதலாக ஒன்று வைத்தாலும் கெடுதி இல்லை, அளவைத் தாண்டி ஏறாது.

எந்த எண் வாங்குவது என்பதில்தான் குழப்பம். 62, 65, 69, 72, 75 சதவீதம் என்று விற்கிறார்கள். 72-ம் 75-ம் கசியும் மரப்பெட்டிகளை மனதில் வைத்துச் செய்தவை. பெட்டி இழப்பதை ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல். காற்றுப்புகாத டப்பாவில் 72 போட்டால் உள்ளே உண்மையாகவே 72 நிற்கும், அது அதிகம். பிளாஸ்டிக் டப்பாவுக்கும் ஜாடிக்கும் 65 வாங்குங்கள். கியூபச் சுருட்டுகளை 62-இல் வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள், எரிவது சீராக இருக்கும். மென்மையான, பஞ்சுபோன்ற பதம் பிடித்தவர்களுக்கு 69. ஒரே டப்பாவில் 62-ஐயும் 69-ஐயும் கலந்து போடாதீர்கள். ஒன்று விடும் ஈரத்தை மற்றொன்று உறிஞ்சி இரண்டும் வீணாகும்.

பேக் கூழ்போல வளைந்துகொடுக்கும்வரை உயிரோடு இருக்கிறது. உள்ளே கரைசல் முழுவதும் கட்டியாகி, விறைத்த தகடாக மாறிவிட்டால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. அங்கங்கே ஒன்றிரண்டு படிகம் தட்டுப்படுவதற்குப் பயப்பட வேண்டாம்.

சிலிக்கா மணிகளும் நன்றாக வேலை செய்யும், பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றின் மேல் காய்ச்சி வடித்த நீரைத் தெளிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மணிகள் கண்ணாடிபோலத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். எல்லா மணியும் நனைந்துவிட்டால் மிகுதி ஈரத்தை வாங்க இடமிருக்காது, ஒருவழிப் பாதையாகிவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள தாது உப்புகள் படிந்து துளைகளை அடைக்கும், கிருமிகளும் கூடவே வரும்.

நனைத்த ஸ்பாஞ்சை வைப்பது பலர் சொல்லும் வழி. அவசரத்துக்கு மட்டுமே அது சரி. ஸ்பாஞ்சுக்கு நிறுத்தத் தெரியாது. மூடிய டப்பாவில் 80-ஐத் தாண்டிக் கொண்டுபோய்விடும். ஆப்பிள் துண்டு, ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துண்டு போன்றவற்றை எந்தச் சூழலிலும் உள்ளே போடாதீர்கள். பூஞ்சையை நாமே அழைத்துவந்து குடிவைப்பதற்குச் சமம்.

உள்ளே அடுக்குவது

செலஃபேன் உறையைக் கழற்றலாமா கூடாதா என்பது ஓயாத விவாதம். செலஃபேன் ஈரத்தைத் தடுக்காது, மெதுவாக உள்ளே விடும். பல வகைச் சுருட்டுகளை ஒரே டப்பாவில் வைப்பவர்கள் உறையோடு வைப்பதே மேல்: எடுத்து வைக்கும்போது ரேப்பர் உரசிக் கிழியாது, ஒன்றன் மணம் மற்றொன்றில் ஏறுவதும் குறையும், வண்டு வந்தாலும் பரவச் சற்றுத் தாமதமாகும். அலுமினியக் குழாயில் வந்த சுருட்டென்றால் மூடியைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எதுவும் போகாது. வனிலா, காபி, மது மணமூட்டிய சுருட்டுகளுக்குத் தனி டப்பா. இதில் விதிவிலக்கே கிடையாது.

பேக் சுருட்டைத் தொட்டபடி இருந்தாலும் நனைக்காது. ஸ்பாஞ்சும் சிலிக்கா மணியும் அப்படியல்ல, அவற்றை எட்டத்தில் வையுங்கள். மானியை பேக்குக்கு எதிர்மூலையில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

முதல் இரண்டு நாள் எண் அங்குமிங்கும் ஆடும், பொருட்படுத்தாதீர்கள். இலை தன் நிலைக்கு வர இரண்டு, மூன்று வாரமாகும். காற்று 65-ஐக் காட்டுகிறது என்பதால் சுருட்டும் 65-க்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. இந்தக் காலத்தில் மணிக்கொருமுறை திறந்து பார்ப்பதுதான் பெரிய தொந்தரவு. பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து காற்றை மாற்றுங்கள். புதிய சுருட்டுகளிலிருந்து அமோனியா வாடை வந்தால் வாரம் இருமுறை திறக்கலாம்.

எங்கே வைப்பது

அறையிலேயே குளிர்ந்த, வெப்பம் அதிகம் மாறாத மூலை. தரையை ஒட்டிய அலமாரித் தட்டு நல்ல இடம். வெயில் படும் சுவர், அடுப்படி, மின்சாதனங்களின் பின்புறம் எதுவும் வேண்டாம். டப்பாவின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் சூடான பக்கத்து இலையிலிருந்து ஈரம் கிளம்பிக் குளிர்ந்த பக்கத்தில் துளியாகப் படியும். மானி 65 காட்டும்போதே மூலையில் பூஞ்சை பூப்பதற்கு இதுவே காரணம்.

குளிர்சாதனப் பெட்டி தீர்வல்ல. அதன் காற்று வறண்டது, உணவு வாடையும் ஏறும். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடமாகவும் இருக்கட்டும். மென்று விழுங்கிய புகையிலையிலுள்ள நிக்கோட்டின் சிறு உடலுக்குக் கொடிய நஞ்சு.

வெப்பமான ஊர்களில் 21 டிகிரி என்பது பல மாதம் கைக்கு எட்டாது. அப்படியானால் ஈரப்பதத்தைக் குறைத்து 62-இல் வையுங்கள், பூஞ்சைக்கு வாய்ப்புக் குறையும். வண்டுக்கு மட்டும் தனியாக முன்னேற்பாடு வேண்டும்.

வண்டு

புகையிலை வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்புப் பூச்சி. தோட்டத்திலோ கிடங்கிலோ இட்ட முட்டை கண்ணுக்குத் தெரியாமல் சுருட்டுக்குள் வந்துவிடக்கூடும். குளிர்ச்சியாக இருக்கும்வரை அப்படியே கிடக்கும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பொரிந்து, புழு உள்ளிருந்து தின்னத் தொடங்கும். ரேப்பரில் குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டையும் டப்பாவின் அடியில் பொடியும் தெரிந்தால் வந்துவிட்டது என்று பொருள். ஓட்டை விழுந்த சுருட்டை எறிந்துவிடுங்கள். மற்றவற்றை, பார்க்க நன்றாக இருந்தாலும், உறைய வைத்தாக வேண்டும்:

1. சுருட்டுகளை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள்.
2. ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில்.
3. பிறகு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழ், ஒரு வாரம்.
4. மறுபடி ஒரு நாள் சாதாரணத் தட்டில்.
5. பின் ஒரு நாள் அறை வெப்பத்தில், பையைத் திறக்காமலே.

இடைப்படிகளைத் தாண்டி நேராக உறையவைத்தால் ரேப்பர் வெடிக்கும். குளிர்ந்திருக்கும்போதே பையைத் திறந்தால் இலைமேல் நீர் கோத்துக்கொள்ளும். டப்பாவை இதற்கிடையில் காலிசெய்து கழுவி, விளிம்பு இடுக்குகளைத் துடையுங்கள். மரத்துண்டுகளையும் சுருட்டோடு சேர்த்தே உறைய வைக்கலாம்.

பூஞ்சை

வெண்மையோ சாம்பலோ பச்சையோ ஆன பஞ்சு போன்ற புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. 'நன்றாக முதிர்ந்த சுருட்டில் பூக்கும் படிகத்தூள்' என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பாலானதும் பூஞ்சையே. சந்தேகம் வந்தால் பூஞ்சை என்றே கொள்ளுங்கள். ரேப்பர்மேல் லேசாக மட்டும் இருந்தால் துடைத்துத் தனியாக வைத்துக் கவனிக்கலாம். பற்றவைக்கும் முனையில், இலைகளுக்கு உள்ளே போயிருந்தால் எறிவதைத் தவிர வழியில்லை. டப்பாவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வாடை முழுதும் போகும்வரை காற்றாட விட்டு, ஒரு எண் குறைந்த பேக்குடன் திரும்பத் தொடங்குங்கள். மானியையும் மறுபடி உப்பில் சோதியுங்கள். அனேகமாகத் தவறு அங்கேதான் இருக்கும்.

ஈரம் மிஞ்சியது, காய்ந்தது

விரலால் மெல்ல அழுத்தினால் சுருட்டு லேசாகக் கொடுத்து, விட்டதும் பழைய வடிவுக்கு வர வேண்டும். சரசரத்தால் காய்ந்திருக்கிறது. அமுங்கியபடியே நின்றால் ஈரம் அதிகம். ஈரம் மிகுந்ததைச் சரிசெய்வது சுலபம்: பேக் இல்லாத காலி சீடர் பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும்.

காய்ந்ததை மீட்பதற்குத்தான் பொறுமை வேண்டும். நேராக 69-இலோ ஈர ஸ்பாஞ்சின் பக்கத்திலோ வைத்தால் வெளி இலை முதலில் உறிஞ்சி வீங்கும், உள்ளிலை இன்னும் சுருங்கியே இருக்கும். ரேப்பர் நீளவாக்கில் பிளந்துவிடும். தனி டப்பாவில் 62 பேக்குடன் மூன்று வாரம், பிறகு 65-க்கு மாற்றி இன்னும் மூன்று வாரம் விடுங்கள். வாரம் ஒருமுறை கால்வட்டம் உருட்டிவையுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் வாராவாரம் எடைபோட்டு எழுதிவாருங்கள். எடை ஏறுவது நின்று இரண்டு வாரம் ஒரே எண் வந்தால் உள்வரை ஈரம் சேர்ந்துவிட்டது. இப்படி மீண்டுவரும் சுருட்டு சீராக எரியும். ஆனால் பல மாதம் காய்ந்து கிடந்ததில் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் போயிருக்கும், அவற்றைத் தண்ணீர் திருப்பித் தராது.